காத்திருக்கும் வைரஸ்



வைரஸ் என்றதும் நம் எல்லோர் மனத்திலும் எழுவது ஒரே படம்தான். உள்ளே நுழையும், பெருகும், நுழைந்த இடத்தை நாசமாக்கும். கொரோனாவுக்குப் பிறகு அந்தப் படம் இன்னும் ஆழமாகப் பதிந்துவிட்டது. இன்று நான் பேச வந்திருப்பது வைரஸின் வேறொரு குணத்தைப் பற்றி. செல்லுக்குள் போன பிறகு எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கத் தெரிந்த வைரஸ்கள் இருக்கின்றன. அவை எப்படிக் காத்திருக்கின்றன, எது அவற்றை எழுப்புகிறது என்ற இரண்டு கேள்விகளையும் மூலக்கூறு அளவில் துருவித் துருவிப் பார்த்த ஆராய்ச்சிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி, மனிதரை ஒன்றுமே செய்யாத ஒரு வைரஸிடம் பாடம் கேட்டு நடந்தது. நான் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறவன். நம் பாடநூல்களில் வைரஸ் என்றால் வடிவங்களின் பட்டியல், நோய்களின் பட்டியல், அவ்வளவுதான். அதன் நடத்தையைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்வதே இல்லை. அந்தக் குறை எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

1922இல் கலிஃபோர்னியாவில், தொண்டை அடைப்பான் நோயிலிருந்து தேறிவந்த ஒருவரின் மலத்திலிருந்து ஈ.கோலை பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். கே-12 என்று பெயர் வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வளர்த்துவந்தார்கள். பிறகு அது ஆய்வகம் ஆய்வகமாகப் பரவியது. 1946இல் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எட்வர்டு டேட்டமும் பாக்டீரியாக்கள் மரபணுக்களைப் பரிமாறிக்கொள்கின்றன என்று காட்டியதுகூட இந்தக் கே-12ஐ வைத்துத்தான். இத்தனை காலமும் அதற்குள் ஒரு வைரஸ் குடியிருந்தது. யாருக்கும் தெரியாது.

அதைக் கண்டுபிடித்தவர் எஸ்தர் லெடர்பெர்க். புறஊதாக் கதிர் பட்டதால் தற்செயலாக அந்த வைரஸை இழந்துவிட்ட கே-12 வகையொன்று அவர் கையில் இருந்தது. அதையும் பழைய கே-12ஐயும் ஒரே தட்டில் கலந்து வளர்த்தபோது, பாக்டீரியாப் படலத்தில் ஆங்காங்கே அரித்தெடுத்தாற்போல் ஓட்டைகள் தெரிந்தன. பழையதிலிருந்து வெளிவந்த வைரஸ், அதை இழந்த வகையைக் கொன்றுகொண்டிருந்தது. 1951இல் அவர் இதை வெளியிட்டார். லாம்ப்டா என்று பெயரிட்டார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஃபேஜ் என்போம். லாம்ப்டா அந்த இனம். கணவர் ஜோஷுவா 1958இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். எஸ்தருக்கு ஸ்டான்ஃபோர்டில் நிரந்தரப் பேராசிரியர் பதவிகூடக் கிடைக்கவில்லை. மூலக்கூறு உயிரியலில் பாதி லாம்ப்டாவின் மேல் எழுந்து நிற்கிறது என்பதை நினைக்கும்போது இதை மன்னிக்க முடியவில்லை.

அந்தத் தட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். இளஞ்சூட்டில் உருகியிருக்கும் மென்மையான அகாரில் பாக்டீரியாவையும் மிகச் சிறிதளவு லாம்ப்டாவையும் கலந்து, பெட்ரித் தட்டில் ஊற்றி, 37 டிகிரியில் ஓர் இரவு வைக்கிறோம். காலையில் தட்டு முழுக்கப் பாக்டீரியா வளர்ந்து மங்கலாகப் படர்ந்திருக்கும். நடுநடுவே சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரே ஒரு வைரஸில் தொடங்கியது. அது ஒரு பாக்டீரியாவுக்குள் போய், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நூறு போலப் பெருகி, அதை வெடிக்கச் செய்து, அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்களுக்குப் பரவியிருக்கிறது. ஆனால் லாம்ப்டாவின் வட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பு தெளிவாகவும் நடு கலங்கலாகவும் இருக்கும். கொலை நடந்த மையத்திலேயே பாக்டீரியா உயிரோடு வளர்ந்திருக்கிறது! அந்த நடுவிலிருந்து ஒரு துளி எடுத்து வளர்த்து, அதன் மேல் எவ்வளவு லாம்ப்டாவைக் கொட்டினாலும் சாகாது. காரணம், அதற்குள் ஏற்கெனவே ஒரு லாம்ப்டா அடங்கி இருக்கிறது. உள்ளே இருப்பது, வெளியிலிருந்து வருவதையும் சேர்த்து அடக்கிவிடுகிறது.

இந்தக் கலங்கலில்தான் எல்லா ரகசியமும் இருந்தது. 1957இல் டேல் கைசர், நடுவும் தெளிவாகவே இருக்கும் வட்டங்களை உண்டாக்கும் பிறழ்ந்த லாம்ப்டாக்களைத் தேடிப் பிரித்தார். அவற்றால் காத்திருக்க முடியாது; நுழைந்தால் கொலைதான். அந்தப் பிறழ்வுகள் மூன்று மரபணுக்களில் அமைந்திருந்தன. சி-1, சி-2, சி-3. காத்திருப்பதற்கென்று தனியே மரபணுக்கள் உண்டு என்பது இதிலிருந்து உறுதியானது.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸில், பாஸ்டர் நிறுவனத்தின் பரணில் அமைந்த ஆய்வகத்தில் ஆந்த்ரே லுவோஃப் வேறொரு பாக்டீரியாவை வைத்துப் போராடிக்கொண்டிருந்தார். வைரஸ் உள்ளே உறங்குகிறது என்ற பேச்சையே அன்று பலர் நம்பவில்லை. வெளியில் ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கு என்றார்கள். லுவோஃப் ஒரே ஒரு பாக்டீரியாவை ஒரு நுண்துளியில் வைத்து, நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து உட்கார்ந்தார். அது இரண்டாகப் பிரிந்ததும் ஒன்றை எடுத்து வேறு துளிக்கு மாற்றுவார். சுற்றியிருந்த திரவத்தில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிப்பார். தலைமுறை தலைமுறையாக ஒன்றும் இல்லை. எப்போதாவது ஒரு பாக்டீரியா அவர் கண்ணெதிரே வெடித்து மறையும். அந்தத் துளியில் மட்டும் வைரஸ் நிறைந்திருக்கும். ஆக, வைரஸ் ஒழுகிக்கொண்டே இருப்பதில்லை, ஒரே அடியாக வெளிவருகிறது. எது தூண்டுகிறது என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்து, 1950இல் லுயி சிமினோவிச், நீல்ஸ் கெல்கார்டு ஆகியோருடன் புறஊதாக் கதிரைக் காட்டினார். ஒரு மணி நேரம் கடந்த சற்று நேரத்தில் குழாயிலிருந்த பாக்டீரியா ஏறத்தாழ முழுவதும் கரைந்துபோய்க் கலங்கல் தெளிந்தது. உறங்கியவை அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்திருந்தன.

அதே பரணில் வேலை பார்த்தவர் ஃபிரான்சுவா ழக்கோப். அங்கேயே இன்னொரு மூலையில் ழாக் மோனோ, பாக்டீரியா பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதியை எப்போது உண்டாக்குகிறது, எப்போது நிறுத்துகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். உறங்கும் வைரஸுக்கும் இந்த நொதிக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. 1958 ஜூலையில், மனைவியோடு சினிமா பார்க்கப் போன இடத்தில், படத்தைக் கவனிக்காமல் யோசித்துக்கொண்டிருந்த ழக்கோபுக்கு இரண்டும் ஒரே கணக்கு என்று பொறிதட்டியது. மரபணுவை ஏதோ ஒன்று அடக்கி வைத்திருக்கிறது. அந்த அடக்கியை நீக்கினால் மரபணு வேலை செய்யும். லுவோஃப், ழக்கோப், மோனோ மூவருக்கும் 1965இல் நோபல் பரிசு கிடைத்தபோதும் அந்த அடக்கியை ஒருவரும் கையில் பிடித்துப் பார்த்திருக்கவில்லை. புரதமா, வேறு பொருளா என்பதுகூட முடிவாகவில்லை.

பிடித்தவர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். பால் சர்க்கரை மரபணுவின் அடக்கியை வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் 1966இலும், லாம்ப்டாவின் அடக்கியை மார்க் டாஷ்னி 1967இலும் பிரித்தெடுத்தார்கள். டாஷ்னியின் சோதனையை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு செல்லில் அந்தப் புரதம் நூறு, இருநூறு மூலக்கூறுதான் இருக்கும். செல்லின் மற்ற புரதங்களோ லட்சக்கணக்கில். அவர் முதலில் பாக்டீரியாவைப் புறஊதாக் கதிரால் சிதைத்து, அதன் சொந்தப் புரத உற்பத்தியைப் படுக்கவைத்தார். அதற்குள் ஏராளமான லாம்ப்டாக்களைச் செலுத்தினார். அடக்கியை உண்டாக்கக்கூடிய லாம்ப்டாவுக்கு ஒரு கதிரியக்க அடையாளம், உண்டாக்க முடியாத பிறழ்ந்த லாம்ப்டாவுக்கு வேறொரு கதிரியக்க அடையாளம். இரண்டையும் கலந்து பிரித்தபோது, முதல் அடையாளம் மட்டும் தெரிந்த ஒரே ஒரு புரதம் தனித்து நின்றது. அது லாம்ப்டாவின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டது. அடக்கும் இடத்தை மட்டும் மாற்றி அமைத்த வேறொரு டி.என்.ஏ.வைக் கொடுத்தபோது ஒட்டவில்லை. பத்தாண்டுக் காலம் ஊகமாக இருந்த ஒன்று அன்று குழாயில் தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்த இடம் அணு அணுவாக ஆராயப்பட்டது. லாம்ப்டாவின் டி.என்.ஏ. முழுநீளம் 48,502 எழுத்து. 1982இல் ஃபிரெடரிக் சாங்கரின் குழு முழுவதையும் படித்துவிட்டது. அதற்குள் ஓரிடத்தில், சி-1 என்ற அடக்கி மரபணுவும் குரோ என்ற எதிர் மரபணுவும் எதிரெதிர்த் திசை பார்த்து நிற்கின்றன. நடுவில் மூன்று இருக்கைகள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு திண்ணை, அதில் மூன்று பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடக்கிப் புரதம் முதல் இரண்டு இடங்களில் ஜோடியாக உட்கார்ந்தால் குரோ வீட்டு வாசல் அடைபடும். தன் வீட்டு வாசல் இன்னும் அகலத் திறக்கும். குரோ புரதம் மூன்றாவது இடத்தை முதலில் பிடித்தால் அடக்கியின் வாசல் அடைபடும். யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது பாக்டீரியாவின் உயிர்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. காத்திருப்பது சும்மா இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது ஓயாத வேலை. பாக்டீரியா பிரியும் ஒவ்வொரு முறையும் அடக்கிப் புரதம் பாதியாகப் பங்கிடப்படுகிறது. உடனே அதை ஈடுகட்ட வேண்டும். அளவுக்கு மிஞ்சி உண்டானால் அதுவே மூன்றாவது இடத்திலும் உட்கார்ந்து தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. குறையவும் விடாமல், கூடவும் விடாமல் நிமிடத்துக்கு நிமிடம் அளவு பார்க்கப்படுகிறது. வைரஸின் டி.என்.ஏ.வோ பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள், கால் என்ற மரபணுத் தொகுதிக்கும் பயோ என்ற தொகுதிக்கும் இடையில், ஒரு குறிப்பிட்ட புள்ளியில் செருகிக்கொண்டு பாக்டீரியாவின் பிள்ளைகளுக்கெல்லாம் பங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் வளையமாக மூடிக்கொண்டு பிறகு செருகுகிறது என்று ஆலன் கேம்ப்பெல் 1962இல் சொன்னது அப்படியே மெய்யானது.

சரி, லுவோஃபின் புறஊதாக் கதிர் என்ன செய்தது? அது பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. உடைசலைக் கண்டதும் பாக்டீரியாவின் ரெக்-ஏ என்ற புரதம் பழுது பார்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கிவைக்கிறது. அந்த ஏற்பாட்டில் மாட்டி, லாம்ப்டாவின் அடக்கிப் புரதம் தன்னைத்தானே இரண்டாக வெட்டிக்கொள்கிறது. இருக்கைகள் காலியாகின்றன, குரோ முந்துகிறது, வைரஸ் பெருகத் தொடங்குகிறது. குடியிருக்கும் உடம்பு பிழைக்காது என்ற அறிகுறி தெரிந்ததும் வெளியேறும் வழி அந்த அடக்கிப் புரதத்திலேயே பொதிந்து கிடக்கிறது. முடிவெடுக்கிறது, வெளியேறுகிறது என்றெல்லாம் நான் சொல்வதை வைத்து அதற்கு எண்ணம் இருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புரதங்கள் ஒட்டுவதும் விலகுவதுமே இதன் முழுக் கதை.

புதிதாக ஒரு பாக்டீரியாவுக்குள் நுழையும் லாம்ப்டா கொல்வதா, தங்குவதா என்பதும் இப்படித்தான் தீர்மானமாகிறது. அங்கே சி-2 புரதத்துக்கு முக்கிய வேலை. அது நிலைத்து நின்றால் அடக்கி பிறக்கும், சிதைந்தால் கொலை. நன்றாகத் தின்று கொழுத்த பாக்டீரியாவில் சி-2ஐ வெட்டும் நொதி சுறுசுறுப்பாக இருக்கும். பட்டினி கிடக்கும் பாக்டீரியாவில் அதன் வேகம் குறையும். அதேபோல் ஒரே பாக்டீரியாவுக்குள் பல வைரஸ்கள் ஒருசேர நுழைந்தால் சி-2 மிகுதியாக உண்டாகும், வைரஸ் தங்கிவிடும். ஒரு பாக்டீரியாவுக்குப் பல வைரஸ் என்றால் வெளியே தாக்குவதற்குப் பாக்டீரியா குறைந்துவிட்டது என்று பொருள். 2010இல் லான்யிங் செங், ஐடோ கோல்டிங் முதலானோர் ஒளிரும் வைரஸ்களைக் கொண்டு ஒவ்வொரு பாக்டீரியாவையும் தனித்தனியே படம்பிடித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. உள்ளே போன ஒவ்வொரு வைரஸும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. எல்லாம் தங்குவது என்று ஒத்துப்போனால்தான் அந்தப் பாக்டீரியா பிழைக்கிறது. ஒன்று மறுத்தாலும் வெடிப்பு.

2017இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரோட்டம் சோரக்கின் குழு கண்டது இதைவிட வியப்பானது. வைரஸ் தாக்கிய பாக்டீரியாக்கள் மற்ற பாக்டீரியாக்களுக்கு எச்சரிக்கை விடுகின்றனவா என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தது வேறு. பேசிக்கொண்டவை வைரஸ்கள். மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு ஃபேஜ், ஒவ்வொரு தாக்குதலின்போதும் ஆறே அமினோ அமிலம் கொண்ட ஒரு துணுக்குப் புரதத்தை வெளியே விடுகிறது. சுற்றிலும் அது குறைவாக இருக்கும்வரை வரும் வைரஸ்கள் கொல்கின்றன. கொலை பெருகப் பெருகத் துணுக்கும் சேர்ந்துகொண்டே போகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் பிறகு வருகின்றவை தங்கிவிடுகின்றன. நெருங்கிய உறவுடைய இன்னொரு ஃபேஜ் விடும் துணுக்கில் அமினோ அமில வரிசை வேறு; ஒன்றின் செய்தி மற்றதற்குப் புரியாது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே பிரின்ஸ்டனில் பானி பாஸ்லரும் ஜஸ்டின் சில்பேயும், விப்ரியோ இனத்தில் தங்கும் ஒரு வைரஸ், பாக்டீரியாக்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் வேதிச் செய்தியையே ஒட்டுக்கேட்டு, கூட்டம் திரண்டதும் எழுகிறது என்று காட்டினார்கள்.

பாக்டீரியாவின் வைரஸைத் தெரிந்து நமக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. காலரா நம்மைக் கொன்றதே இப்படி ஒரு வைரஸின் சரக்கால்தான். 1884இல் ராபர்ட் கோஹ் கல்கத்தாவில் காலராக் கிருமியை அடையாளம் கண்டார். அது விஷத்தால் கொல்கிறது என்றும் கருதினார். அந்த விஷத்தை நிரூபிக்க 75 ஆண்டு ஆயிற்று. 1959இல் அதே கல்கத்தாவில் சம்பு நாத் தே, முயலின் குடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைக் கிருமி நீக்கி அதற்குள் செலுத்தினார். குடல் நீர்கோத்து உப்பியது. கிருமி இல்லாமலே காலரா! பெரிய கருவி எதுவும் இல்லாமல் செய்த சோதனை அது. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சியில் இதற்கு ஈடாக நான் சொல்லக்கூடியவை மிகச் சில. பிறகு 1996இல் மேத்யூ வால்டரும் ஜான் மெக்கலனோஸும் அந்த விஷத்தின் மரபணுக்களைச் சுமந்து வருவது ஒரு ஃபேஜ் என்று கண்டார்கள். அந்த ஃபேஜ் பாக்டீரியாவைக் கொல்வதில்லை. அதன் டி.என்.ஏ.வில் தங்கி, தீங்கற்ற விப்ரியோவைக் காலராக் கிருமியாக்கிவிடுகிறது.

ஈ.கோலையிலும் இது உண்டு. 2011இல் ஜெர்மனியில் சுமார் 3,800 பேர் இரத்தக் கழிச்சலால் பாதிக்கப்பட்டார்கள். 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயின் மேல் பழி விழுந்தது. கடைசியில் எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை முளைகட்டிய பண்ணைவரை தடம் போயிற்று. கழிச்சலை உண்டாக்கிய ஈ.கோலைக்கு ஷிகா என்ற நச்சின் மரபணுவைக் கொடுத்ததும் லாம்ப்டாவின் உறவுக்கார ஃபேஜ்தான். அங்கே நச்சு மரபணு வைரஸின் எழுச்சியோடு பிணைந்திருக்கிறது: வைரஸ் எழுந்தால் நச்சு பெருகும். டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், லுவோஃபின் கதிரைப் போலவே ரெக்-ஏ வழியாக வைரஸை எழுப்பிவிடக்கூடும். இவ்வகைக் கிருமி என்று சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் ஆன்டிபயாட்டிக் கொடுக்கத் தயங்குவது இதனால்தான். இதை அறியாத உறவினர்கள் மருத்துவரிடம் சண்டைக்குப் போகிறார்கள். ஃபேஜ்களையே மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சையிலும் தங்கும் ஃபேஜ்களை விலக்கி, கொல்வதை மட்டுமே அறிந்தவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இனி நம் உடம்புக்கு வருவோம். சின்ன வயதில் சின்னம்மை போட்டவருக்கு அறுபது வயதில் அக்கி வருகிறதே, அது வெளியிலிருந்து புதிதாக வந்ததன்று. நரம்பு முடிச்சுகளில் அத்தனை ஆண்டும் அடங்கிக் கிடந்த அதே வைரஸ். எச்.ஐ.வி.யோ லாம்ப்டாவைப் போலவே செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொள்கிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது மருந்தே இல்லை. இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. முறையாகச் சாப்பிடுகிறவர்கள் முழு ஆயுள் வாழ்கிறார்கள். ஆனால் ஓய்வில் இருக்கும் டி-செல் என்ற எதிர்ப்புச் செல்களில், ஏறத்தாழ பத்து லட்சத்துக்கு ஒன்றில், முழு வைரஸ் உறங்குகிறது என்று 1997இல் தெரிந்துவிட்டது. மருந்து உறங்குவதைத் தொடுவதில்லை. நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பிவிடும்.

இங்கேதான் லாம்ப்டா மீண்டும் கைகொடுத்தது. எச்.ஐ.வி.க்கு லாம்ப்டாவைப் போல் சொந்தமாக ஓர் அடக்கி கிடையாது. செல் உறங்கினால் அதுவும் உறங்குகிறது. ஆனால் டாட் என்ற தன் புரதத்தால் தன்னையே மேலும் மேலும் முடுக்கிவிட்டுக்கொள்ளும் ஒரு சுழற்சி அதற்கு உண்டு. 1998இல் ஆடம் ஆர்க்கினும் சக ஆய்வாளர்களும், லாம்ப்டா கொல்வதும் தங்குவதும் சில மூலக்கூறுகளின் தற்செயலான ஏற்ற இறக்கத்தால்கூட மாறலாம் என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தார்கள். அதே ஆர்க்கின் பங்கேற்ற குழுவில் லியோர் வைன்பெர்கர் 2005இல் எச்.ஐ.வி.யை அந்தக் கண்ணோடு பார்த்தார். ஒரே மாதிரியான செல்கள், ஒரே வைரஸ்; டாட் புரதத்தின் அளவு தற்செயலாக ஏறிய செல்லில் வைரஸ் எழுகிறது, ஏறாத செல்லில் அடங்கிவிடுகிறது.

2012இல் டேவிட் மார்கோலிஸின் குழு, வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்தை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கொடுத்து, உறங்கும் வைரஸை எழுப்ப முடியும் என்று காட்டியது. எழுந்ததும் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அழித்துவிடும் என்பது நம்பிக்கை. வைரஸின் ஆர்.என்.ஏ. கூடியது, உறங்கும் செல்களின் கையிருப்பு குறையவில்லை. எழுப்பும் மருந்துக்கு எல்லாச் செல்களும் ஒருசேர இணங்கவில்லை. அதனால் சிலர் எதிர்த்திசையில் போகிறார்கள். சுசானா வாலென்டேயின் ஆய்வகம் டாட் புரதத்தை முடக்கும் ஒரு பொருளைக் கொண்டு, எச்.ஐ.வி. திரும்ப எழாதபடி நிரந்தரமாக அடக்கி வைக்க முடியுமா என்று பார்க்கிறது. மனித இரத்தச் செல்களைச் சுமந்த எலிகளில், மருந்தை நிறுத்திய பிறகு வைரஸ் திரும்பி வருவது அதனால் தள்ளிப்போயிருக்கிறது.